பெருவிரலுக்குக் கவாத்து

என் காலில் சுண்டுவிரல் நகம் மஞ்சளானபோது நான் லீவு போட்டு, அடிமாலிக்கு பஸ் ஏறி, தோல் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு நகம், அதுவும் சுண்டுவிரல். "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டதற்கு யோசிக்காமல் "இல்லை" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் அம்மாவுக்குப் பத்து நகமும் அப்படித்தான் இருந்தன. அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

எப்படி வரும்? பிறந்ததிலிருந்து பார்த்த கால். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள் என் அம்மா. காலையில் பூட்ஸுக்குள் போன கால் சாயங்காலம்தான் வெளியே வரும். மழைக்காலத்தில் பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விடும். போன தண்ணீர் அங்கேயே சூடாகிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து கழற்றும்போது கால் வெளுத்து, சுருங்கி, ஊறப்போட்ட பயறு மாதிரி இருக்கும். நகங்கள் தடித்து, பழுப்பாகி, ஓரம் பொடிப்பொடியாக உதிரும். மலையில் வேலை செய்கிற காலென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கால்தான் என்னைப் படிக்க வைத்தது, ரிசார்ட் வரவேற்பில் உட்கார வைத்தது, கறுப்பு ஷூ போட வைத்தது. அந்த ஷூவுக்குள் என் ஒரு நகம் மஞ்சளானதும் எனக்குப் பதறிவிட்டது.

அம்மாவின் நகத்தை நான் கண்ணைத் திறந்து பார்த்தது என் கல்யாணம் நிச்சயமான பிறகு. மாப்பிள்ளை வீடு போடிப் பக்கம். அங்கே இப்போது எல்லாக் கல்யாணத்திலும் பாதபூஜை உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் காலை வைக்கச் சொல்லி, தண்ணீரும் பாலும் ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட வேண்டும். வீடியோக்காரர் குனிந்து கிட்டத்தில் எடுப்பார். பின்னணியில் பாட்டுப் போட்டால் பார்க்கிறவர்கள் அழுவார்கள். என் கூட வேலை பார்க்கிறவர்களின் கல்யாண வீடியோவெல்லாம் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். எனக்கும் அது வேண்டும் என்று ஆசை.

சொன்னதும் அம்மா, "எனக்கு அதெல்லாம் வேண்டாம்டி. ஒங்கப்பா மட்டும் உக்காரட்டும்," என்றாள்.

"ஏன், நீ என்ன கால் இல்லாதவளா?" என்றேன். எனக்கு நாக்கு நீளம். கோபம் வந்தால் இன்னும் நீளும். பெற்றவர்களில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள், எனக்காக ஒரு பத்து நிமிடம் உட்கார முடியாதா என்றெல்லாம் கத்தினேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாண வீடுகளில் அம்மா ஏன் எப்போதும் பின்வரிசையில் உட்காருவாள், கோயிலில் ஏன் செருப்பைக் கடைசியாகக் கழற்றுவாள், பண்டிகைக்குப் பண்டிகை கைக்கு வைக்காத மருதாணியைக் கால் நகத்துக்கு மட்டும் ஏன் அப்பிக்கொள்வாள் என்று வரிசையாக எல்லாம் விளங்கியது. இத்தனை வருடம் அவள் மறைத்திருக்கிறாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

பக்கத்தில் அப்பா உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நகங்கள் அம்மாவுடையதைவிட மோசம். பெருவிரல் நகம் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும். அவர் அந்தக் காலை ஊர் பார்க்க நீட்டிக்கொண்டுதான் உட்காருவார். யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை, அவருக்கும் அதில் வெட்கமில்லை. "நான் உக்காருதேன். பாலு ஊத்துவியா, மோரு ஊத்துவியா?" என்று என்னைக் கேலி செய்தார். ஆம்பளைக் காலுக்கு என்ன, சாணி மிதித்தாலும் அது உழைத்த கால்தான்.

மறு வாரம் அம்மாவைக் கட்டாயப்படுத்தி அடிமாலிக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும், சந்தையில் மீன்காரனிடம் மலையாளத்திலேயே சண்டை போடுவாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் மட்டும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் முகத்தைப் பார்ப்பாள். டாக்டர் மலையாளத்தில் சொல்வதை நான் தமிழில் சொன்னால்தான் அவளுக்கு மனது ஒப்பும். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் காது, வாய் இரண்டும் நான்தான்.

டாக்டர் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லை என்று சொன்னீர்களே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான், "பூட்ஸ் போட்டுப் போட்டு அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தோம்," என்றேன். "பூட்ஸ் போட்டுப் போட்டுத்தான் இது வரும்," என்றார். ஈரமும் இருட்டும் சூடும் இருந்தால் பூஞ்சைக்குப் போதும். விரல் இடுக்கில் தொடங்கி மெல்ல நகத்துக்குள் இறங்கும். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் செருப்பு, துண்டு, நகவெட்டி என்று மற்றவருக்கும் போகும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தடித்த நகம் எல்லாமே பூஞ்சை இல்லை, அடிபட்டாலும் வேறு தோல் வியாதி இருந்தாலும் இப்படித் தடிக்கும் என்று சொல்லி, நகத்தில் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும், அதற்கு முன் ஈரலுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு மூன்று மாதம் என்றதுமே கணக்கு ஓடியது. கல்யாணத்துக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தது. "மூணு மாசத்தில் நகம் சரியாகிவிடுமா?" என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். மாத்திரை பூஞ்சையைத்தான் கொல்லும், கெட்ட நகம் கெட்டதுதான், அது நல்ல நகமாக மாறாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து வர வேண்டும். கால் நகம் மெதுவாகத்தான் வளரும், பெருவிரலுக்கு ஒரு வருடம் ஆகும், அதற்கு மேலும் ஆகும் என்றார். நான் அம்மாவிடம் இதை எப்படிச் சொன்னேன் தெரியுமா? "கல்யாணத்துக்குள்ள சரியாகாதாம்," என்று மட்டும், அவள் ஏதோ தேர்வில் தோற்றுவிட்ட மாதிரி சொன்னேன்.

சோதனையில் பூஞ்சைதான் என்று வந்தது. ரத்தத்தில் ஈரல் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மா முதுகுவலிக்குச் சந்தையில் ஏதோ பச்சிலைப் பொடி வாங்கிப் பல காலமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறாள். அதை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துத்தான் மாத்திரை தருவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை நகத்தில் பூசுகிற ஒரு மருந்து கொடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியும் இருக்கிறது, காலில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூட்ஸைக் காயவைத்துப் போடுங்கள், தினம் வேறு சாக்ஸ் போடுங்கள், நகவெட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காயம் படாமல் என்பதை நான் தமிழில் சொன்னேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அது நடந்தது. அம்மா ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். இரண்டு பக்கமும் தேயிலை.

"பூஞ்சைன்னா என்னட்டி? புழுவா?" என்று அம்மா கேட்டாள்.

விளக்கம் சொல்வதுதான் என் தொழில். ரிசார்ட்டுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, தேயிலை எப்படி வளர்கிறது, எப்படிப் பறிக்கிறார்கள், எப்படிக் கவாத்து வெட்டுகிறார்கள் என்று இங்கிலீஷில் அழகாகச் சொல்வேன். கை தட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். "புழு இல்லம்மா. மழைக்காலத்துல தேயிலையில கொப்புளம் போடும்ல? அது பூஞ்சைதான். அது இலையத் திங்குது, இது நகத்தத் திங்குது. அவ்வளவுதான்."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாள் இது ஏதோ பாவத்துக்கு வந்தது, தன் உடம்பின் அசிங்கம் என்று நினைத்திருந்தவள். "அட, கொப்புளமா? அப்படிச் சொல்லு! அது எனக்குத் தெரியுமே," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் அரைமணி நேரம் சொல்லியும் ஏறாததை ஒரே வரியில் ஏற்றிவிட்டேனே என்று.

கொஞ்சம் தூரம் போன பிறகு அம்மா கேட்டாள். "அப்ப இந்த நகம்?"

"அது ஆகாதும்மா. அடியில இருந்து புதுசுதான் வரணும்."

"கவாத்து மாதிரி."

அப்போது என் போனில் மண்டப அலங்காரப் படங்கள் வந்துகொண்டிருந்தன. எந்தப் பூ, என்ன நிறம் என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டிருந்தார். "ஆமா, கவாத்து மாதிரி," என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. அந்த ஓர் "ஆமா"வை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

கவாத்து என்றால் எங்கள் மலையில் என்ன என்று சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிவிடுவார்கள். இலை ஒன்றுகூட இருக்காது. மொட்டைக் குச்சிகள் நிற்கும், பார்க்கிறவர்களுக்குச் செடி செத்துவிட்டது என்றே தோன்றும். வெட்டின இடத்தில் பூஞ்சை ஏறாமல் இருக்கத் தாமிர மருந்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள், பச்சையும் நீலமுமாக இருக்கும். கொஞ்ச நாளில் குச்சியெல்லாம் துளிர் விட்டு, முன்னைவிட நல்ல கொழுந்து வரும். கெட்டதை அடியோடு வெட்டு, மருந்து பூசு, புதுசு வரும். எங்கள் அப்பா அம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. வாழ்நாளெல்லாம் கண்ணால் பார்த்தது.

அப்பா எஸ்டேட்டில் கவாத்து வெட்டினவர், மருந்து அடித்தவர். ரிட்டயர் ஆனாலும் கவாத்துக் கத்தியை விடவில்லை. தாமிர மருந்தும் வீட்டில் ஒரு டப்பாவில் இருந்தது, பின்னால் போட்டிருக்கும் பீன்ஸுக்கு அடிக்க. கத்தி இருக்கிறது, மருந்து இருக்கிறது, படித்த மகள் சொல்லிவிட்டாள். பிறகு என்ன வேண்டும்?

எனக்கு ரிசார்ட்டில் விடுமுறைக் கூட்டம். ஊழியர் அறையிலேயே தங்கிவிட்டேன், இரண்டு வாரம் வீட்டுக்குப் போகவில்லை. போனபோது அம்மா கதவைத் திறக்க எழுந்து வரவில்லை. வலது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் நீலப்பச்சை. அறைக்குள் ஒரு வாடை. எனக்குச் சட்டென்று ஒன்றும் பிடிபடவில்லை, பெயின்ட் கொட்டிவிட்டதா என்று கேட்டேன்.

அப்பாதான் சொன்னார், சந்தோஷமாகத்தான் தொடங்கினார். நகவெட்டி அந்த நகத்தைக் கடிக்கவில்லையாம். வெந்நீரில் உப்புப் போட்டு அம்மாவை ஊறவைக்கச் சொல்லியிருக்கிறார். கத்தியைக் கல்லில் தீட்டி, அடுப்பில் காட்டி, அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முதலில் பெருவிரலில் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடிவரைக்கும். "நோவே இல்லன்னு சொன்னா. நானும் செடிக்கு வெட்டுத மாதிரி சாய்ச்சுத்தான் வெட்டுனேன், தண்ணி நிக்காம," என்றார். பிறகு எண்ணெயில் குழைத்த மருந்தைப் பூசியிருக்கிறார்கள். மற்ற நகங்களை மறு வாரம் வெட்டலாம் என்று இருந்தார்களாம். அதற்குள் விரல் வீங்கிவிட்டது.

சர்க்கரைக்காரிக்கு நோகாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கால் பாதி மரத்துப் போயிருந்தது, அதுவும் எங்களுக்குத் தெரியாது. துணியைப் பிரித்துப் பார்த்தேன். நான் கத்தினதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். "யாராவது கால்ல கவாத்துக் கத்தி வைப்பாங்களா? குதிரைக்குக் குர்ரம்னா ஆனைக்கு அர்ரமா? மூளை இருக்கா ரெண்டு பேருக்கும்?" என்று என்னென்னவோ கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் மெதுவாக, "நீதானட்டி சொன்னே," என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்தினாள்.

ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை ஏறிக் கிடந்தது, காய்ச்சல் வேறு. அங்கிருந்த டாக்டர் விரலை அழுத்திப் பார்த்து, எலும்புவரை போயிருக்கிறதா என்று படம் எடுக்கச் சொன்னார். போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார். இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத்தான் மலையாளம் தெரியுமே.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு தமிழிலேயே, "கல்லு தட்டிருச்சு சார்," என்றாள். டாக்டர் அந்த நீலத்தைப் பார்த்தார். கல் இவ்வளவு நேராக வெட்டாது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான், "அவங்களே வெட்டிக்கிட்டாங்க, எஸ்டேட் மருந்தைப் பூசியிருக்காங்க," என்று மலையாளத்தில் சொன்னேன். டாக்டர் திட்டினார். பூஞ்சை நகத்துக்கு அடியில் தோலில் இருக்கிறது, நகத்தை வெட்டி எறிந்தால் அது போகாது. நகம் வளர்கிற வேர் தோலுக்குள் இருக்கிறது, அதில் கத்தி பட்டால் நகம் திரும்பி வராமலும் போகலாம். செடிக்குப் போடுகிற மருந்து புண்ணை அரிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சின்னப் புண்ணே போதும் என்றார். இதெல்லாம் படிக்காத ஜனத்துக்கு எங்கே புரிகிறது என்று நர்ஸிடம் அலுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. படித்த வாய் ஒன்று சொல்லித்தான் இது நடந்தது என்று சொல்லியிருக்கலாம்.

எலும்புக்குப் போகவில்லை. விரல் தப்பியது. ஊசியும் கட்டும் என்று அம்மா பல நாள் அங்கே படுத்திருந்தாள். அப்பா கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார், பீடிக்குக்கூட வெளியே போகவில்லை. ஒரு நாள் சாப்பாடு கொண்டு போனபோது, "செடிக்குக்கூட நோவு தெரியாம வெட்டுவேன்னு பேரு எனக்கு," என்று சொல்லிவிட்டு அழுதார். அவரைத் தேற்ற எனக்கு ஒரே வழிதான் இருந்தது, இது உங்கள் தப்பு இல்லை, என் தப்பு என்று சொல்வது. சொன்னேன். அவர் நம்பவில்லை. கத்தி பிடித்தது அவர் கை அல்லவா?

பாதபூஜை வேண்டாம் என்று நான் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். இப்போது அம்மா கேட்கவில்லை. "நீ ஆசைப்பட்டது. நான் உக்காருவேன்," என்று ஒரே பிடியாக நின்றாள். கட்டுப்போட்ட வலது காலை நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடது காலை மட்டும் தாம்பாளத்தில் வைப்பதாக ஏற்பாடு. வீடியோக்காரரும் ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மேடையில் அப்பா இரண்டு காலையும் தாராளமாக வைத்தார். அம்மா இடது காலை மெதுவாக வைத்தாள். விளக்கு வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. ஐந்து நகமும் பழுப்பாகத் தடித்து, ஓரம் உதிர்ந்து. கீழே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தண்ணீர் ஊற்றினேன், பால் ஊற்றினேன், மஞ்சள் வைத்தேன். வீடியோக்காரர் கேமராவோடு குனிந்தார். அப்போது என் கை தானாகவே தட்டிலிருந்த பூவை அள்ளி அள்ளி அம்மாவின் காலில் போட்டது. நகம் ஒன்றுகூடத் தெரியாத வரைக்கும் போட்டேன். அப்பாவின் காலில் நாலு பூ கிடந்தது.

காலைத் தொட்டுக் கும்பிட்டபோது அம்மா என் காதருகே குனிந்து, "நல்லா மூடிட்டே," என்றாள். அவள் எனக்கு நன்றி சொன்னாள். பார்க்கிறவர்கள் எல்லாம் நான் அம்மாமேல் வைத்த பாசம் என்று நினைத்தார்கள். வீடியோவில் அந்த இடத்துக்குப் பாட்டும் போட்டிருக்கிறார்கள். நான் அதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

புண் ஆறிய பிறகு பழைய தோல் டாக்டரிடமே போனோம். பச்சிலைப் பொடியை நிறுத்தியதில் ஈரல் அளவு இறங்கியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார், நடுவில் ஒரு முறை ரத்தம் பார்த்தார். அப்பாவையும் இழுத்து வந்து காட்டினேன். "எனக்கு என்னத்துக்கு? இன்னொரு தடவ மேடையில உக்காரப் போறேனா?" என்று முரண்டு பிடித்தார். வீட்டில் ஒருத்தர் மருந்து சாப்பிடாமல் விட்டாலும் மற்றவருக்குத் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னதும் அடங்கினார். இரண்டு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், ஒன்று போட்டால் ஒன்று காயும். நகவெட்டி ஆளுக்கு ஒன்று. இதையெல்லாம் சம்பளம் வாங்கின முதல் மாதமே செய்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

மாத்திரை முடிந்தபோது பார்த்தால் நகம் அப்படியேதான் இருந்தது. "பலிக்கல போலிருக்கே," என்றாள் அம்மா. அடியில் பாருங்கள் என்றார் டாக்டர். தோல் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பிறை மாதிரி புது நகம் வந்திருந்தது. அது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழசை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா காலை நீட்டிக் காட்டுவாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, ஒன்பது நகம் சுத்தமாக வந்துவிட்டது. என் அம்மாவுக்கு இவ்வளவு அழகான நகம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மருதாணியை விட்டுவிட்டாள். வலது பெருவிரலில் மட்டும் நகம் வரவில்லை. ஓர் ஓரத்தில் முள் மாதிரி கொஞ்சம் முளைத்து, கோணிக்கொண்டு, அத்தோடு நின்றுவிட்டது.

போன மழைக்காலத்தில் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலாவது வீட்டு அத்தை வந்திருந்தார். அவரும் அம்மாவோடு கொழுந்து எடுக்கிறவர். அம்மா காலைப் பலகைமேல் நீட்டி வைத்துக்கொண்டு அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். முதலில் நகத்தைச் சோதனைக்குக் கொடுக்கணும், ரத்தம் பாக்கணும், பாதியில மாத்திரையை நிறுத்தப்படாது, உடனே தெரியாது, ஒரு வருசம் பொறுக்கணும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "இது நம்ம தேயிலைக்கு வருத கொப்புளம் மாதிரிதான் மதினி. எம்மக சொன்னா," என்றாள். பெருமை வழிந்தது. நான் டீயைக் குடிப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை அந்தப் பெருவிரலைத் தொட்டுக் காட்டி, "இது மட்டும் ஏன் மதினி இப்படி?" என்று கேட்டார்.

"அதா? அது கல்லு தட்டுனது," என்றாள் அம்மா. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பயப்படாதே, நான் சொல்ல மாட்டேன் என்கிற பார்வை. ஊருக்கெல்லாம் அவள் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

நான் பேசாமல் இருந்திருப்பேன். இத்தனை நாள் இருந்த மாதிரியே இருந்திருப்பேன். ஆனால் அத்தை தன் காலைப் பார்த்துக்கொண்டே, "கொப்புளம்னா வெட்டிவிட்டுட்டுத் தாமிர மருந்து பூசுனா போதுமே. எங்க வீட்டுலயும் கவாத்துக் கத்தி கெடக்கு," என்றார். அவருக்கும் சர்க்கரை உண்டு.

"வேண்டாம் அத்தை," என்றேன். "அது கல்லு தட்டுனது இல்ல. கவாத்துக் கத்தியில வெட்டுனது. நான்தான் அம்மாகிட்ட தப்பாச் சொல்லிட்டேன். விரலே போயிருக்கும்."

அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து அந்த விரலை உற்றுப் பார்த்தார், வாசல்வரை வந்திருந்த அவர் மருமகளும் எட்டிப் பார்த்தாள். அம்மா என்னைத் திட்டவில்லை. "ஊருக்கு எதுக்குட்டி அதச் சொல்லுதே," என்று மட்டும் கேட்டாள். பலகைமேல் நீட்டியிருந்த காலை எடுத்து, சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.